வின்டர்பெர்க் போகும் வழியில் சறுக்கிய கார்

யாழ்ப்பாணத்திலிருந்து விடுமுறைக்கு, நாங்கள் வாழும் ஜெர்மனியின் கொலோன் நகருக்கு வந்திருந்த என் அக்காவுக்கு ஒரே ஆசைதான்: பனியைக் கையால் அள்ள வேண்டும். கொலோனில் பனி விழுந்ததுமே கரைந்துவிடும். அதனால் கடந்த ஜனவரியில் ஒரு சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வின்டர்பெர்க் மலைப்பக்கம் புறப்பட்டோம். ஏறத்தாழ நூற்று நாற்பது கிலோமீட்டர், இரண்டு மணி நேரப் பயணம். கணவருக்கு அன்று வேலை, நான்தான் ஓட்டினேன்.

நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் இருபுறமும் வெள்ளைக் காடு. அக்கா கைபேசியை ஜன்னலோடு ஒட்டிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டே வந்தார். வின்டர்பெர்க்கை நெருங்கும்போது ஒரு சிற்றூர், அதில் ஒரு சரிவு. வளைவைக் கண்டு பிரேக்கை அழுத்தினேன். குளிர்கால டயர்கள்தான், ஆனால் புதுப்பனிக்கு அடியில் தரை உறைந்து கிடந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பியும் கார் நேராகவே வழுக்கிப்போய், ஒரு வீட்டு வாசலில் நின்ற சிறிய வெள்ளைக் காரின் பக்கவாட்டில் மோதி நின்றது.

"உனக்கு ஒண்டும் இல்லையே?" அக்கா என் தோளைப் பிடித்தார்.

"இல்லை அக்கா. உங்களுக்கு?"

"எனக்கு ஒண்டுமில்லை. இறங்கிப் பாப்பம்."

எங்கள் காரின் முன்விளக்கு நொறுங்கி, பம்பர் தொங்கியது. அடியிலிருந்து ஏதோ ஒழுகிப் பனியில் பச்சையாகப் பரவியது. வெள்ளைக் காரின் பின்கதவு உள்ளே அமுங்கியிருந்தது. எங்கள் கார் குறுக்கே நின்றதால் அது வெளியே வரவும் வழியில்லை.

சத்தம் கேட்டு அந்த வீட்டிலிருந்து தாதி உடையில் ஒரு பெண் ஓடி வந்தார். பெயர் சபினே. வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனிப்பது அவர் வேலை. அந்த வெள்ளைக் கார் அவருடையது. காரை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. "அடி பட்டதா? கழுத்து வலிக்கிறதா?" என்று எங்கள் இருவரையும் பார்த்துவிட்டுத்தான் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த ஊரில் ஒருவருக்கு இன்சுலின் ஊசி போட வேண்டுமாம். கதவைச் சரிசெய்துவிடலாம். ஊசி பிந்தினால்?

நான் போலீசுக்கு அழைத்தேன். அதற்குள் எதிர்வீட்டுக்காரர் மண்வாரியோடு வந்தார். அவர் மனைவி டயர்களுக்கு அடியில் சாம்பல் தூவினார். இன்னொருவர் டிராக்டரையே கொண்டுவந்தார். சபினேயும் நானும் எல்லாக் கோணத்திலும் படம் எடுத்து, முகவரியும் காப்புறுதி விவரமும் மாற்றிக்கொண்ட பிறகு, டிராக்டரில் கயிறு கட்டி எங்கள் காரை மெல்லப் பின்னால் இழுத்தார்கள். அமுங்கிய கதவோடு சபினே புறப்பட்டார். போகும்போது, "உள்ளே போய் உட்காருங்கள். இந்த வீட்டு அம்மா காபி போடுகிறார்," என்றார்.

அந்த அம்மா சபினேயின் நோயாளி. நடை தாங்கியைத் தள்ளிக்கொண்டு வந்து கதவைத் திறந்தார். அவரிடம் தமிழ் இல்லை, அக்காவிடம் ஜெர்மன் இல்லை. ஆனாலும் இருவரும் பேரப்பிள்ளைகளின் படங்களை மாறி மாறிக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். போலீஸ்காரர்கள் வந்து அமைதியாகக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். தன் சுற்றை முடித்த சபினே திரும்பி வந்து, "ஊசி நேரத்துக்குப் போட்டுவிட்டேன்," என்று முதலில் சொன்னார். நான் அழுதுவிட்டேன்.

"அந்தப் பிள்ளை ஒரு ஏச்சுக்கூட ஏசேல்லையே," என்றார் அக்கா.

"ஓம் அக்கா. நானா இருந்தா ஏசியிருப்பன்."

பிறகு இழுவை வண்டி வந்து எங்களையும் காரையும் ஏற்றிக்கொண்டது. அதற்குமுன் அந்த வீட்டுத் தோட்டத்தில் அக்கா இரண்டு கையாலும் பனியை அள்ளினார்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். நின்ற காரில் இடித்துவிட்டு, கண்ணாடியில் ஒரு துண்டுச்சீட்டு வைத்துவிட்டுப் போகக் கூடாது. இங்கே அது குற்றம். உரிமையாளர் வரவில்லையென்றால் போலீசை அழையுங்கள். எந்த விபத்திலும் முதலில் அபாய விளக்கு, ஒளிரும் மேலங்கி, முக்கோணப் பலகை. இழுவை வண்டிக்கு உங்கள் காப்புறுதியில் இடம் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவையுங்கள். சபினேயின் கதவுக்கு என் காப்புறுதி கொடுத்தது. என் காருக்கு நான் முந்நூறு யூரோ கட்டினேன். மீதியை முழுக்காப்புறுதி ஏற்றது.

கார் திருத்தி வந்ததும், அக்கா ஊர் திரும்புவதற்கு முன், அவர் பொரித்த பயத்தம் பணியாரத்தோடு மறுபடி அங்கே போனோம். அதே சரிவு, அதே பனி. உச்சியிலேயே இரண்டாம் கியருக்கு மாற்றி, பிரேக்கைத் தொடாமல் ஊர்ந்து இறங்கினேன். அந்த வீட்டு வாசலில் கார் நின்ற பிறகுதான் என் கை ஸ்டியரிங்கை விட்டது. ஜன்னலில் அந்த அம்மா கை காட்டிக்கொண்டிருந்தார்.