புற்றடியில் ஒரு பச்சை உடம்புக்காரி

இரண்டு வருஷத்துக்கு முன்னால், லூனாஸ் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் இருக்கும் சின்ன அம்மன் கோயிலில் நடந்தது இது. அப்போது நான் யாரோடும் முகம் கொடுத்துப் பேசாத காலம். ஐந்தாம் மாதத்தில் வயிற்றுப் பிள்ளை தவறிப்போயிருந்தது. லீவு முடிந்து கையுறை ஃபேக்டரிக்குத் திரும்பியதும் பார்க்கிறவர்கள் எல்லாரும், நல்ல மனசோடுதான், "இன்னொண்ணு பொறக்கும் லா, அதையே நெனச்சிக்கிட்டு இருக்காதே" என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போன பிள்ளைக்கு இன்னொன்று எப்படி ஈடாகும்?

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் மோட்டாரை எடுத்துக்கொண்டு அந்தக் கோயிலுக்குப் போய்விடுவேன். அங்கே கூட்டம் இருக்காது, யாரும் ஆறுதல் சொல்ல மாட்டார்கள். தோட்டத்தில் மருந்தடிக்கிற ஒரு அண்ணன்தான் விளக்கேற்றிவிட்டுப் போவார். கோயிலுக்குப் பின்னால் ஒரு புற்று. ஒரு வெள்ளி அதற்கு முட்டை வைக்கக் குனிந்தபோதுதான் சருகுக்குள் சுருண்டு கிடந்ததைப் பார்த்தேன். காய்ந்த இலை நிறம், முதுகில் கரிய முக்கோணங்கள். நான் டவுனில் வளர்ந்தவள், பாம்பென்றால் டிவியில் பார்த்ததோடு சரி. படம் எடுக்கவில்லையே, இது நாகம்தானா என்றுகூடத் தோன்றவில்லை. ஓடாமல் என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தது. அம்மன் எனக்காகவே வந்திருக்கிறாள் என்று நின்ற இடத்திலேயே தேம்பித் தேம்பி அழுதேன்.

அடுத்த வாரமும் அதே இடம், அதே சுருள். அதற்கடுத்த வாரமும். புருஷனிடம்கூட மூச்சு விடவில்லை. விஷயம் வெளியே தெரிந்தால் கூட்டம் கூடிவிடும், என் அம்மன் எல்லாருக்கும் அம்மனாகிவிடுவாள். அவ்வளவு பேராசை எனக்கு.

அப்புறம் ஒரு வெள்ளி, குங்குமத்தை விரலில் தொட்டு, அதன் தலையில் வைத்துவிடலாம் என்று கையை நீட்டினேன். யாரோ தோளைப் பிடித்து இழுத்த இழுப்பில் மல்லாக்க விழுந்தேன். விளக்கேற்றுகிற அண்ணன்தான்.

"ஏம்மா, புத்தி கெட்டுப்போச்சா? இது நாகமில்ல, ஊலார் காப்பாக், கொடிய விஷப் பாம்பு. கை வச்சிருந்தா கையே போயிருக்கும்."

பூட்ஸைக் கழற்றிக் காலைக் காட்டினார். இரண்டு விரல் இல்லை. ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போன காலத்தில் இந்த ஜாதிப் பாம்பை மிதித்துவிட்டாராம். ஆள் வந்தால் இது ஓடாதாம், சருகோடு சருகாகக் கிடக்குமாம், மிதித்த பிறகுதான் தெரியுமாம். அதனாலேயே மலாய்க்காரர்கள் இதன் பேரோடு 'போடோ', அதாவது முட்டாள், என்றும் சேர்த்துச் சொல்வார்களாம். சொல்லிக்கொண்டே பூட்ஸை மாட்டிக்கொண்டு, இடுப்பிலிருந்த பாராங் கத்தியை எடுத்தார். அவர் முகத்தில் இருந்த ஆத்திரத்தைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது.

இன்னொரு கையால் ஒரு நீளக் கம்பை எடுத்துச் சருகைத் தள்ளினார். கண்மூடித் திறப்பதற்குள் பாம்பு கம்பைக் கொத்தியது. கொத்திவிட்டு ஓடவில்லை. திரும்பவும் அங்கேயே சுருண்டுகொண்டது. சருகு விலகிய இடத்தில், அதன் வயிற்றுக்கு அடியில், வெள்ளை வெள்ளையாய் முட்டைகள்.

எனக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ, எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "வெட்டாதீங்கண்ணே. பச்ச ஒடம்புக்காரிண்ணே அது." அம்மன் முன்னால் நான் சொல்லி அழுததை விளக்கேற்ற வந்தபோதெல்லாம் கேட்டிருக்கிறார். என் கதை அவருக்குத் தெரியும்.

"நாளைக்கு யாரையாச்சும் கடிச்சா யாரும்மா பதில் சொல்றது?" என்றார். நியாயமான கேள்விதான், ஆனாலும் பிடித்த கையை நான் விடவில்லை. பாம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கடைசியில் பாராங்கைக் கீழே வைத்தார். "சரி, பிள்ள பெத்த வீட்டுக்குள்ள எவன் போகப் போறான்" என்று முணுமுணுத்துக்கொண்டே, பின்பக்கம் போகும் வழியையே பழைய தகரத்தால் அடைத்துவிட்டார். கோயிலுக்கு வருகிற நாலு பேரிடமும் அவரே சொல்லி எச்சரித்தார்.

வீட்டில் சொன்னதும் என் புருஷனிடம் வாங்கிய ஏச்சு கொஞ்சநஞ்சமல்ல. ஏசி முடித்துவிட்டு, மனுஷன் ஃபோனைத் தடவித் தடவிப் படித்துக் காட்டினார். ராத்திரியில் எலியின் உடம்புச் சூட்டை வைத்தே வேட்டையாடுமாம். முட்டை போட்டுவிட்டால் பொரிகிறவரைக்கும் தாய் மேலேயே சுருண்டு கிடக்குமாம். குட்டி பிறக்கும்போதே விஷத்தோடு பிறக்கிறதாம். கேட்கக் கேட்க எனக்கு அதன்மேல் பயமும் பாசமும் சேர்ந்தே வந்தது.

சில வாரம் கழித்து, ஃபேக்டரியில் சாப்பாட்டு நேரத்தில் கோயில் அண்ணன் ஃபோனில் கூப்பிட்டார். "தங்கச்சி, எல்லாம் பொரிஞ்சிருச்சும்மா. வெறும் முட்டைத் தோலுதான் கெடக்கு. தாயும் போயிருச்சு." அவர் குரலில் அத்தனை சந்தோஷம். கேண்டீனில் எல்லாரும் பார்க்க, சோற்றுத் தட்டுக்கு முன்னால் அழுதேன். அந்த அழுகைக்குப் பிறகுதான் நெஞ்சு கொஞ்சம் லேசானது.

அந்தப் பாம்பு எனக்காக வரவில்லை, தன் பிள்ளைகளுக்காகத்தான் கிடந்தது என்று இப்போது நன்றாகவே தெரியும். ஆனாலும், விரலைப் பறிகொடுத்த மனுஷன் ஒரு தாய்க்காகப் பாராங்கைக் கீழே வைத்ததை என் கண்ணால் பார்த்தேனே, அம்மன் வந்தாளா என்று யாராவது கேட்டால் வந்தாள் என்றுதான் சொல்வேன்.