தட்டு ரசலையன்

தன் பெயின்ட் கடையில் ஆளில்லாத நேரமென்றால் ரசலையன் கையில் ஒரு பெயின்ட் டப்பா மூடி இருக்கும். மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டி எறிவார். தூரிகைகள் தொங்கும் கம்பியைச் சுற்றிக்கொண்டு மூடி போகவேண்டும் என்பது அவர் கணக்கு. மூடி நேரே போய்க் கம்பியில்தான் மோதும். கருங்கல் ஊரில் உள்ள பெயின்டர்கள் குனிந்தபடியே அந்தக் கடைக்குள் நுழையப் பழகிவிட்டார்கள்.

2004-இல் மஸ்கட்டிலிருந்து திரும்பியபோது அவர் கொண்டுவந்த சம்பாத்தியங்களில் ஒரு வெள்ளை ஃபிரிஸ்பீ தட்டும் உண்டு. மனைவி ஜெயபாய் முதல் மாதம் அதை மாவுச் சட்டிக்கு மூடியாக வைத்திருந்தாள். அந்தத் தட்டு உருப்படியாக உழைத்த காலம் அதுதான் என்பது ரசலையனின் கருத்து.

பிறகு அதை எறிந்து ஆட ஒரு சங்கம் தொடங்கி ஆள் சேர்த்தார், விதியும் சொல்லிக்கொடுத்தார். பக்கத்துக்கு ஏழு பேர். தட்டை எறிந்து கைமாற்றிக்கொண்டே போய், எதிர்க்கோடியின் எல்லைக்குள் பிடித்தால் ஒரு புள்ளி. தரையில் பட்டால் தட்டு எதிரணிக்கு. தட்டு வைத்திருப்பவர் ஓடக் கூடாது. இந்தக் கடைசி விதியில்தான் பிசகினார். தட்டு ஒருவர் கையில் இருக்கும்போது யாருமே ஓடக் கூடாது என்று விளங்கிக்கொண்டார். இரண்டு வருடம் பதினான்கு பேர் பள்ளி மைதானத்தில் நட்டுவைத்த கல்லாக நின்று ஆடினார்கள். பார்த்தவர்கள் ஏதோ யோகா வகுப்பு என்று நினைத்துக்கொண்டு போனார்கள். ஒருநாள் திருவனந்தபுரத்திலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் ஆட வந்து, தட்டு கைக்கு வந்ததும் நாலாபக்கமும் தெறித்து ஓடினார்கள். ‘ஃபவுல்’ என்று தொண்டை கிழியக் கத்தியவர் ரசலையன். பதினைந்துக்கு சைபர்.

“அன்னைக்கே அந்தத் தட்ட எனக்க தலையில கவுத்திட்டு வீட்டுக்குப் போயிருக்கணும் மக்கா. போவல்ல. வெக்கங்கெட்டவனாலதான் சங்கம் நடத்த முடியும்” என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

ஓடத் தொடங்கியதும் ஆட்டம் ஊருக்குப் பிடித்துப்போனது. 2008-இல் நாலு அணி. களியக்காவிளை, குளச்சல் என்று பரவி 2013-இல் பதினொன்று. ஆணும் பெண்ணும் சேர்ந்தே ஆடுவார்கள். முதலில் முகம் சுளித்த தகப்பன்மார் இப்போது கோட்டோரம் நின்று விசிலடிக்கிறார்கள். வளராதது ரசலையனின் ஆட்டம் மட்டும்தான். அவருடைய ‘கருங்கல் கழுகுகள்’ ஆறு வருடத்தில் ஒரு ஆட்டம்கூட ஜெயித்ததில்லை. கடைசி இடத்தை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் காப்பதும் ஒரு சேவைதானே என்பார். சிரிப்புக்குப் பின்னால் ஆசை இருந்தது. வயது ஐம்பத்திரண்டு, வலது முழங்கால் பிணங்கிக்கொண்டே இருக்கிறது. ஒரே ஒரு ஜெயம் பார்த்துவிட்டு நின்றுகொள்கிறேன் என்று ஜெயபாயிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

இந்த ஆட்டத்துக்கு நடுவர் கிடையாது. தரையில் பட்டதா இல்லையா என்பதை ஆடுகிறவர்களே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். நம்மூரில் இது நடக்குமா என்று எல்லோரும் கேட்டபோது, நடக்கும் என்று அடித்துச் சொன்னவரும் இவரே.

2013 அக்டோபரில் சாரல் மழையில் குளச்சல் அணியுடன் ஆட்டம். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு, நேரம் முடிந்துவிட்டதால் அடுத்த புள்ளி எடுப்பவருக்கு ஜெயம். எல்லைக்குள் தாழ வந்த தட்டை நோக்கி ரசலையன் முழங்காலை மறந்து பாய்ந்தார். செஞ்சேற்றில் வழுக்கிப் போய் நின்றபோது தட்டு கையில் இருந்தது. கழுகுகள் குதித்தார்கள். ஜெயபாய் குடையோடு மைதானத்துக்குள்ளேயே வந்துவிட்டாள்.

அவரை மறித்து ஆடிய குளச்சல் பெண் ரெஜிஷாவுக்கு அவர் முதுகு மட்டுமே தெரிந்திருந்தது.

“பிடிச்சியளா அண்ணே? நீங்க சொன்னா செரி.”

ரசலையன் தட்டைப் புரட்டினார். வெள்ளை விளிம்பில் சேறு ஒட்டியிருந்தது. பிடித்துக்கொண்டு விழும்போது ஒட்டியது என்றால் யாரும் மறுக்கப்போவதில்லை. தன் விரல் சேருமுன் தட்டு ஒரு கணம் தரையில் பட்டு எழுந்தது அவருக்குத் தெரியும். பெருவிரல் தானாகவே அந்தச் சேற்றின்மேல் போய் நின்றது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

பிறகு விரலை எடுத்துவிட்டு, சேறு இருந்த பக்கத்தை ரெஜிஷாவின் முகத்துக்கு நேரே திருப்பிக் காட்டினார்.