உரசினால் பொறி

சிவகாசி வெயிலில் உட்கார்ந்து சாக்ஸ் பின்னும் ஒரே மீசைக்காரன் நான்தான். நேற்று நைலான் நூல்பந்தை இழுத்தபோது கை ரோமம் சிலிர்த்து, நூல் சடசடவென்றது. சட்டென்று எனக்குப் பத்து வயது.

அப்போது நான் பின்னிய முதல் ஸ்கார்ஃபை, வெடிமருந்துத் தூசி படாமலிருக்கத் தலையில் கட்டிக்கொண்டு அம்மா பட்டாசுக் கம்பெனிக்குப் போனாள். வாசலிலேயே ஃபோர்மேன் மறித்துவிட்டார்.

"நைலானா கட்டிட்டு வாரே? உரசுனா பொறி பறக்கும். உள்ள எம்புட்டுப் பேரு இருக்காக! இனிமே வேலைக்கு வராத."

வீடு திரும்பிய அம்மா ஸ்கார்ஃபைப் பிரித்தாள். பிரிந்த நூலை என்னைக்கொண்டே பந்தாகச் சுற்றவைத்தாள்.

"நல்லாத்தானம்மா இருந்துச்சு?" என்றேன் அசடு மாதிரி.

"நல்லாத்தாம்லே இருந்துச்சு. பெத்தவளக் கொளுத்த இம்புட்டு அழகா வேற எவன் பின்னுவான்?"