முதல் கட்டு வியாகுலம்மாளுக்கு

எண்பத்தேழில் தில்லைநகரில் ஒரு ஸ்கேன் சென்டரில் நான் டெக்னீஷியனாக இருந்தேன். மூளையைப் படம் பிடிக்கும் மெஷின் வந்திருந்த புதிது. மெஷின் பெரியதுதான், ஆனால் சரியான தொட்டாற்சிணுங்கி. ஒவ்வொரு படத்துக்கும் சில விநாடி எடுத்துக்கொள்ளும். அதற்குள் தலை ஒரு நூல் அசைந்தால் போதும், படம் கலங்கிவிடும். பெரியவர்களே நெளிவார்கள், குழந்தைகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நான் அதட்டுவேன், அவை வீறிடும், அப்புறம் டாக்டர் என்னை அதட்டுவார்.

குழந்தைகளை அசையாமல் படுக்கப் பழக்கும் வேலை வியாகுலம்மாள் கைக்குப் போனது யாரும் சொல்லி அல்ல. அவர் தரை துடைக்க வந்த ஆயா. ஐம்பதை நெருங்கும் வயது, ஒல்லி உடம்பு, கழுத்தில் ஜெபமாலை. வராந்தா பெஞ்சில் குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்து, வயிற்றின்மேல் ஒரு மணப்பாறை முறுக்கை வைப்பார்.

"விழாம வச்சிருந்தா உனக்கு. விழுந்துச்சு, எனக்குத்தான்" என்பார்.

குழந்தை மூச்சைக்கூடப் பார்த்துப் பார்த்து விடும். முறுக்கு மட்டும் மெதுவாக ஏறி இறங்கும். அந்த நேரம் பார்த்து ஒரு தகர டப்பாவை உருட்டி, மெஷின் சத்தத்துக்கும் காதைப் பழக்கிவிடுவார். சில பயல்கள் பாதியிலேயே முறுக்கைக் கடித்துவிடுவார்கள். அவர்களுக்கு இரண்டாவது முறுக்கு உண்டு.

வியாகுலம்மாள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி குடும்பத்துக்குச் சமைத்துப் போட்டு, தம்பி பிள்ளைகளைத் தூக்கி வளர்த்ததில் வயது போய்விட்டது. தம்பி கே.கே. நகரில் வீடு கட்டிக்கொண்டு போனபோது, "அக்காவுக்குப் பாலக்கரைதான் தோது, கோயில் பக்கம்" என்று சொல்லி, பழைய ஒற்றை அறையில் அவரை விட்டுவிட்டுப் போனான். நல்ல தம்பி! கிறிஸ்துமஸுக்கு ஒரு சேலையோடு வந்து, காபிகூடக் குடிக்காமல் ஓடுவான். அவனை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வியாகுலம்மாள் அவனை விட்டுக்கொடுக்க மாட்டார். "அவனுக்கு ஆயிரம் ஜோலி தம்பி" என்று என்னிடம் சொல்வார்.

ஆனால் வேலை முடிந்தாலும் அவர் வீட்டுக்குக் கிளம்ப மாட்டார். துடைத்த தரையையே திரும்பத் துடைப்பார். நான் ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அவர் சொல்லும் "போயிட்டு வாங்க" என் காதில் "போகாதீங்க" என்றுதான் விழும். பூட்டின கதவைத் தானே திறந்து, தானே விளக்கைப் போட்டு, தான் ஒருத்திக்காக ஒரு பிடி சோறு வடிப்பதற்கு யாருக்குத்தான் அவசரம் இருக்கும்?

ஐப்பசியில் லால்குடிப் பக்கத்திலிருந்து இருசம்மாள் என்பவள் ஐந்து வயது மகனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நடவு வேலைக்குப் போகிறவள். பையனுக்கு அடிக்கடி வலிப்பு. மூளையில் கட்டி ஏதும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பையன் பெயர் பிச்சை. மூக்கும் குத்தியிருந்தது. முன்னால் பிறந்தவை தங்காத வீட்டில்தான் பிள்ளைக்கு இப்படிப் பெயர் வைத்து மூக்குக் குத்துவார்கள். நெஞ்சில் சளி கட்டி இழுப்பு வேறு இருந்ததால், மயக்க மருந்து கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். விழித்தபடியே அவன் அசையாமல் கிடந்தாக வேண்டும்.

பிச்சை வியாகுலம்மாளிடம் நன்றாக ஒட்டிக்கொண்டான். இரண்டு முறுக்கு ஜெயித்தான். நான் கட்டுப் போடும்வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது.

தலை அசையாமலிருக்க முகவாயையும் உச்சந்தலையையும் சேர்த்து வெள்ளைத் துணியில் ஒரு கட்டு. உதைக்காமலிருக்க இரண்டு பாதங்களையும் சேர்த்து இன்னொரு கட்டு. எப்போதும் போடுவதுதான். பெற்றவர்களை அதற்கு முன்பே வெளியே அனுப்பிவிடுவோம். அன்று கதவு சரியாகச் சாத்தவில்லை. இருசம்மாள் எட்டிப் பார்த்துவிட்டாள்.

"ஐயோ, எம் புள்ளைக்கு வாயக் கட்டிட்டாங்களே! காலக் கட்டிட்டாங்களே!"

பிணத்துக்குத்தான் அப்படிக் கட்டுவார்கள். அவள் கட்டுகளைப் பிய்த்தெறிந்து பிள்ளையை வாரிக்கொண்டாள்.

"படமும் வேணாம் ஒண்ணும் வேணாம். இதுக்கு முன்னால ரெண்டுக்கு இந்தக் கையாலதான் கட்டுனேன். ரெண்டும் எந்திரிக்கல."

நான் கத்தினேன். படம் இல்லாமல் எதை வைத்து வைத்தியம் பார்ப்பது, உள்ளே கட்டி இருந்தால் பையன் பிழைப்பானா என்று கத்தினேன். என் கத்தலுக்கு யார் எப்போது மசிந்தார்கள்? அவள் வாசலுக்கே போய்விட்டாள். வியாகுலம்மாள் ஓடிப்போய் அவள் முன்னால் நின்றார்.

"ஒரு நிமிஷம் தாயி. அதே கட்ட முதல்ல எனக்குக் கட்டச் சொல்றேன். நீங்க நின்னு பாருங்க."

"அபசகுனமாப் பேசாதீங்கக்கா."

"இருக்கட்டும். கெட்டது ஏதாச்சும் இருந்தா எம்மேலயே இறங்கிட்டுப் போகட்டும். எனக்கு ஒண்ணுன்னா பதறுறதுக்கு ஆளில்ல."

மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார்.

மேஜையில் ஏறிப் படுத்தார். முகவாயிலும் காலிலும் நான் கட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டதும் எனக்கே பயமாகிவிட்டது. இந்த முகத்தைப் பார்த்து அழ ஒருத்தராவது வேண்டாமா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அம்மா இடுப்பிலிருந்த பிச்சை மட்டும், "முறுக்கு வைக்கலியே" என்றான்.

கட்டுக்குள்ளேயே வியாகுலம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையை அசைத்து இருசம்மாளைக் கூப்பிட்டு முடிச்சைக் காட்டினார். அவள் பையனை இறக்கி விட்டுவிட்டு, வந்து அவிழ்த்தாள். வியாகுலம்மாள் எழுந்து உட்கார்ந்தார். இருசம்மாள் அந்த முகத்தை இரண்டு கையாலும் தடவித் தடவிப் பார்த்தாள்.

"எந்திரிச்சிட்டீங்களேக்கா" என்றாள்.

அவர் முகத்தை ஒரு கை தொட்டு எத்தனை வருஷம் ஆகியிருந்ததோ. அவள் தடவி முடிக்கும்வரை வியாகுலம்மாள் அசையவே இல்லை.

பிச்சைக்கு இருசம்மாள் தானே கட்டினாள். அவனும் அசையாமல் கிடந்தான். படம் சுத்தமாக வந்தது. கட்டி இல்லை, ஆறிப்போன புண்ணின் சின்னத் தழும்பு ஒன்றுதான். மாத்திரையை விடாமல் கொடுத்தால் போதும், இனி ஸ்கேன் தேவைப்படாது என்றார் டாக்டர்.

கிளம்பும்போது இருசம்மாள் வியாகுலம்மாளின் கையை விடவில்லை. "தையில அறுப்பு முடிஞ்சதும் புது அரிசி கொண்டாறேங்கக்கா. உங்களப் பாக்குறதுக்குன்னே வருவேன்."

வியாகுலம்மாள் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. பிறகு அவர் பிச்சையைப் பார்த்தார்.

"வராதீங்க தாயி. இந்த வாசல மிதிச்ச புள்ள மறுபடி மிதிக்கக் கூடாது. இந்தப் பக்கமே வராம நல்லா இருங்க" என்றார்.

அவர்கள் போனதும் எனக்குக் கோபம் தாங்கவில்லை. "வீட்டுக்காவது வாங்கன்னு சொல்லியிருக்கலாம்ல?" என்றேன்.

"அதுக்கு வீடுன்னு ஒண்ணு இருக்கணுமே தம்பி" என்று சொல்லிவிட்டு மேஜையைத் துடைக்கப் போய்விட்டார்.

அன்றிலிருந்து எந்தக் குழந்தை வந்தாலும், பெற்றவள் பார்த்திருக்க, முதல் கட்டு வியாகுலம்மாளுக்குத்தான். நான் கட்டுவேன். வந்திருக்கும் தாய் அவிழ்த்துவிடுவாள்.

தை பிறந்தது. லால்குடிப் பக்கம் அறுப்பு மும்முரம் என்று வந்தவர்கள் சொன்னார்கள். அந்த மாதம் முழுக்க வியாகுலம்மாள் கை வேலையாக இருக்கும்போதே கண் வாசல் கேட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும். நீங்கதானே வராதீங்கன்னு சொன்னீங்க என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.

இருசம்மாள் வரவில்லை. அவர் பேச்சை அவள் தட்டவில்லை.