புகை வராத ஞாயிற்றுக்கிழமைகள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணிக்கு லிப்ட் மெக்கானிக் தன் தெருமுனையில் நின்றுகொண்டு, வீட்டுக்குப் போக இடது பக்கம் திரும்புவதா வலது பக்கம் திரும்புவதா என்று யோசித்துக்கொண்டிருந்தார். கையில் ரொட்டிப் பொட்டலம். பத்தொன்பது வருஷமாகக் குடியிருக்கிற தெரு. தலை விண்ணென்று தெறித்தது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டம்மா காய்கறிப் பையோடு நடந்து போக, இவர் ஏதோ செருப்பைச் சரிசெய்கிற பாவனையில் குனிந்து எழுந்து, பத்தடி பின்னாலேயே போய் வீடு சேர்ந்தார். அந்த அம்மாவுக்குத் தான் வழிகாட்டியது இன்றுவரை தெரியாது.

இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த கேள்வி என்னவென்று அவருக்குத் தெரியும். அவருடைய அப்பா ஐம்பத்தெட்டு வயதில் சாவியை அரிசி டப்பாவில் போட ஆரம்பித்தவர். அறுபதில் மகனைப் பார்த்து, “தம்பி யாரு, மீட்டர் பாக்க வந்தீங்களா?” என்று கேட்டவர். மெக்கானிக்குக்கு இப்போது ஐம்பத்தாறு. இன்னும் இரண்டு வருஷம் என்று அடிக்கடி கணக்குப் போட்டுப் பார்ப்பார்.

ஆனால் ஒன்றுதான் புரியவில்லை. திங்கள் முதல் வெள்ளி வரை மூளை கத்தி மாதிரி வேலை செய்தது. பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் எந்த லிப்டின் எந்த ரிலே எப்போது மாற்றியது என்று கேட்டால் தேதியோடு சொல்வார். ஞாயிற்றுக்கிழமையானால் போச்சு. மூக்குக்கண்ணாடி பிரிட்ஜில் இருக்கும். ஒருமுறை மகள் போனில், “அப்பா, இதையே மூணாவது தடவை கேக்கறீங்க” என்றாள். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை எடுத்துக்கொள்கிற வியாதி என்று ஒன்று உண்டா? மண்டையைக் குடைந்துகொண்டதுதான் மிச்சம்.

ஞாயிற்றுக்கிழமையில் அவருக்கு வேறு வேலையும் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. அதற்குள் அவர் பெற்ற இரண்டாவது பிள்ளை: ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு இரும்புப் பீப்பாய்கள், அடியில் சாம்பல் சல்லடை, பக்கத்தில் ஒரு பழைய காரிலிருந்து கழற்றிய காற்றாடி, நாலு வளைவுக் குழாய், கடைசியில் ஒரு கிழட்டு ஜெனரேட்டர். பீப்பாயில் தீப்பெட்டி அளவுக் கட்டைகளைப் போட்டு, போதிய காற்றில்லாமல் வேகவிட்டால் ஒரு வாயு வரும். அதைக் குழாய் முனையில் பற்றவைத்துப் பார்த்து, சுடர் நிலையாக நின்றால் வால்வைத் திருப்பி எஞ்சினுக்கு அனுப்ப வேண்டும். பெட்ரோல் ஒரு சொட்டு இல்லாமல் எஞ்சின் ஓடும். ஓடி என்ன ஆகும் என்று கேட்கக் கூடாது. ஆறு பல்பு எரியும். அவ்வளவுதான். அதற்காக நாலு வருஷம் கரியில் புரண்டவரை என்னவென்று சொல்வது?

அவரையும் சேர்த்து இப்படிப் பத்தொன்பது பேர் போனில் ஒரு குழு வைத்திருந்தார்கள். பெயர் கட்டைக் கூட்டம். காலை எழுந்ததும் ஒருவர் தன் சாம்பலைப் படம் பிடித்துப் போடுவார். மற்ற பதினெட்டுப் பேரும் சபாஷ் போடுவார்கள். புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பாலபாடம் நடத்துவது நம் மெக்கானிக்தான். முதல் பாடம் எப்போதும் ஒன்றே: எஞ்சினை ஓட்டுகிற அதே வாயுதான் ஆளையும் கொல்லும், கதவைத் திறந்து வை.

மூன்று மாதத்துக்கு முன்னால் பக்கத்து வீட்டம்மா கொடியில் காய்ந்த துணியோடு வந்து நின்றார். “நாங்க வெள்ளைத் துணி உடுத்தறதா வேணாமா? மோந்து பாருங்க” என்றார். மெக்கானிக் மோந்து பார்த்தார். கருவாட்டுக்குப் புகை போட்ட வாசனை. அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுத்த இரண்டு வாரம் கட்டைகளை நன்றாகக் காயவைத்து, குழாய்களை மாற்றி, புகை என்பதே இல்லாமல் செய்தார். ஆனாலும் அந்த அம்மா வாயில் விழ வேண்டாம் என்று கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டார். எஞ்சினின் புகைபோக்கி கூரைக்கு வெளியே போகிறது, உள்ளே புகையும் இல்லை, வாசனையும் இல்லை, அப்புறம் என்ன என்று நினைத்தார்.

ஓட்டி முடித்ததும் எஞ்சினை நிறுத்திவிட்டு, பீப்பாய்க்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு நோட்டு எழுதுவார். அதுதான் அவருக்கு வாரத்திலேயே இனிப்பான அரைமணி. ஆனால் அடுத்த நாள் அந்த நோட்டைப் பிரித்தால் தலையும் புரியாது வாலும் புரியாது. பக்கத்தின் மேல்பாதி அச்சடித்த மாதிரி இருக்கும். கீழே போகப் போக எழுத்து கோட்டை விட்டு இறங்கும். ஒரு வாரம் கடைசி வரியில், ‘சல்லடை சல்லடை மூடி நல்ல’ என்று இருந்தது. மூடி நல்ல என்ன? எழுதியவருக்கே தெரியவில்லை. அந்தப் பக்கத்தைக் கிழிக்கவும் மனசு வரவில்லை, பார்க்கவும் தைரியம் வரவில்லை.

அவர் மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. மறதிக்கு எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், அதை வாங்க வருகிற மனைவிமார் கவுண்டரில் எப்படி நிற்பார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவரும் வாயைத் திறக்கவில்லை. ஒரு புதன்கிழமை சாயங்காலம், வெல்டரான தன் தம்பியைச் சாப்பிட அழைத்து வந்து உட்காரவைத்துக்கொண்டு விஷயத்துக்கு வந்தார்.

“என்னங்க, வெள்ளிக்கிழமை டாக்டரைப் பாக்கறோம். நரம்பு டாக்டர்.”

“யாருக்கு?”

“உங்களுக்குத்தான்.”

“எனக்கென்ன? கல்லுக்குண்டு மாதிரி இருக்கேன்.”

மனைவி கைப்பையிலிருந்து ஒரு சின்ன டைரியை எடுத்தார். குரல் நடுங்காமல் இருக்க வேண்டும் என்று வேகவேகமாக வாசித்தார். “ஏழாம் தேதி. கண்ணாடி பிரிட்ஜுல. பதினாலாம் தேதி. என்னை உங்க தங்கச்சி பேரு சொல்லிக் கூப்பிட்டீங்க, ரெண்டு தடவை. இருபத்தொண்ணு. டீ குடிச்சு முடிச்சிட்டு டீ எங்கன்னு கேட்டீங்க.”

மெக்கானிக்கின் முகத்தில் ஈயாடவில்லை. தான் ஒளித்து வைத்ததெல்லாம் இவள் கைப்பையில் தேதி போட்டு இருந்திருக்கிறது. பயம் கோபமாக மாறுவதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. எழுந்து போய்த் தன் நோட்டைக் கொண்டுவந்து மேஜைமேல் போட்டார்.

“மூளை கெட்டவன் இப்படி எழுதுவானா? பாரு. ஏழாம் தேதி, ரெண்டு மணி பத்து நிமிஷம் ஓடியிருக்கு. பதினாலு, ரெண்டு நாப்பது. இருபத்தொண்ணு, மூணு மணி நேரம். புகையே இல்ல. கட்டைக் கூட்டத்துல ஒருத்தனும் இவ்வளவு சுத்தமா ஓட்டினதில்ல!”

மனைவி தன் டைரியை அவர் நோட்டுக்குப் பக்கத்தில் வைத்து, விரலால் தேதிகளைத் தொட்டுக்கொண்டே போனார். வெல்டர் சாப்பாட்டுக் கையோடு எட்டிப் பார்த்தார். ஏழுக்கு ஏழு. பதினாலுக்குப் பதினாலு. ஒன்றுகூடத் தப்பவில்லை.

“மாமா,” என்றார் வெல்டர், “கதவைத் திறந்து வச்சுத்தானே ஓட்டறீங்க?”

“புகைதான் இல்லையேடா.”

“நிறுத்தினப்புறம் எங்க உக்காருவீங்க?”

“அங்கயேதான்…” என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். எஞ்சின் நின்றாலும் பீப்பாய் நிற்காது. உள்ளே கட்டை வெந்துகொண்டேதான் இருக்கும். அதுவரை வாயுவை இழுத்துக்கொண்டிருந்த எஞ்சின் ஓய்ந்தபின், அது மூடியின் இடுக்கு வழியாகத்தான் வெளியே வரும். இதை மற்ற பதினெட்டுப் பேருக்கும் படம் வரைந்து விளக்கியவர் அவர். மூடி நல்லா மூடலை. அதைத்தான் அந்த வரியில் எழுத வந்திருக்கிறார், எழுதி முடிப்பதற்குள் மூடிக் கசிவு அவரை முடித்துவிடப் பார்த்திருக்கிறது.

மூன்று பேரும் கொட்டகைக்குப் போனார்கள். வெல்டர் கதவை உள்பக்கமாகச் சாத்திப் பார்த்தார். கதவின் உள்புறத்தில், ஆணியில், மெக்கானிக்கின் கரிச்சட்டை தொங்கியது. மனைவி சட்டையை எடுத்தார். அதற்குப் பின்னால் பலகை. நாலு வருஷத்துக்கு முன்னால் மெக்கானிக் தன் கையால் சிவப்புப் பெயிண்டில் எழுதியது. ‘கதவு திறந்தே இருக்கட்டும். வாசனை வராது. தலைவலிதான் வரும்.’

கதவு திறந்திருந்த காலத்தில் அது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. சாத்த ஆரம்பித்தபின் நேரே எதிரில் இருந்திருக்கிறது. ஸ்டூலில் உட்கார்ந்தால் கண்ணில் படுகிற அந்தப் பலகைமேல்தான் மூன்று மாதமாகச் சட்டையை மாட்டியிருக்கிறார்.

“அப்போ…” என்றார் மெக்கானிக். “அப்போ எனக்கு அப்பா மாதிரி இல்லையா?”

“செத்துப் போயிருப்பீங்க!” என்று மனைவி கத்தினார்.

“ஆமா. செத்துத்தான் போயிருப்பேன்.” அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பை அடக்க முடியவில்லை. “அவ்வளவுதானே! உன்னை யாருன்னு கேட்டிருக்க மாட்டேனே!”

மனைவி கட்டை வெட்டும் மரத்துண்டின்மேல் உட்கார்ந்து அழுதார். வெல்டர் என்ன செய்வதென்று தெரியாமல் மூடியைத் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை டாக்டர் இருவரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இரண்டு மாதம் அந்தப் பக்கமே போகாமல் இருந்துவிட்டு வாருங்கள் என்றார். அந்த இரண்டு மாதத்தில் கண்ணாடி ஒருநாளும் பிரிட்ஜுக்குள் போகவில்லை. பீப்பாய் வெட்டவெளிக்கு வந்தது. இரண்டு மாதம் கிடந்து ஈரம் ஏறிய கட்டை புகைந்ததில், மறுபடி ஓடிய முதல் நாளே பக்கத்து வீட்டம்மா துணியோடு வந்து நின்றார். மெக்கானிக் கையெடுத்துக் கும்பிட்டு, “நீங்க திட்டுங்கம்மா, நல்லாத் திட்டுங்க” என்றார். அந்த அம்மா குழம்பிப்போய்த் திரும்பினார்.

அன்று சாயங்காலம், முடிந்த கதைதானே என்று அவர் மனைவியின் டைரியைப் புரட்டினார். முதல் குறிப்பு கதவைச் சாத்துவதற்கு ஒரு மாதம் முந்தையது. அவருக்குச் சட்டென்று வியர்த்துவிட்டது.

“இது என்ன?”

மனைவி எட்டிப் பார்த்தார். “கல்யாண நாள். அது இருபத்தெட்டு வருஷமா மறக்கறீங்க. அதுக்கு வாயு வேண்டாம்.”

அவர் மூச்சு விட்டுக்கொண்டு பக்கத்தைத் திருப்பினார். டைரியின் பின்னட்டை உறையிலிருந்து ஏதோ நழுவி விழுந்தது. பத்துப் பைசா அளவில் ஒரு எவர்சில்வர் தகடு, கழுத்துக் கயிற்றில் கோக்க ஓரத்தில் ஓட்டை. சாவி செய்கிறவரிடம் கொடுத்து எழுத்து வெட்டியிருந்தது. மனைவியின் போன் நம்பர். வேறொன்றும் இல்லை.

அவர் அதை உள்ளங்கையில் வைத்து, நம்பரை விரலால் தடவிப் பார்த்தார். தெருமுனையில் நின்ற அந்த சாயங்காலத்தை அப்போதுதான் சொன்னார். ரொட்டிப் பொட்டலம், செருப்பு, பத்தடி பின்னால் நடந்தது, எல்லாம்.

மனைவி கேட்டு முடித்துவிட்டு, “அதைத் தூக்கிப் போடுங்க. அதான் உங்களுக்கு ஒண்ணும் இல்லையே” என்றார்.

“இருக்கட்டும்,” என்று அவர் தன் சாவிக்கொத்தைத் தேடி எடுத்துத் தகட்டை வளையத்தில் கோத்தார். “சாவி தொலைஞ்சா உனக்குப் போன் பண்ணுவாங்க.”