சம்மனசின் மார்பில் ராஜா பதக்கம்

மனு எழுதுவது என்பது, அழத் தெரியாதவர்களுக்காக இங்கிலீஷில் அழுது கொடுக்கும் தொழில். அரசாங்கத்துக்கு ஒரு காகிதம் அனுப்பிவிட்டு, தபால்காரர் தலை தெரிந்ததும் எழுந்து நின்று, அவர் அடுத்த வீட்டுப் பக்கம் திரும்பியதும் ஒன்றும் நடக்காததுபோல் உட்கார்ந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அப்படியானால் நாம் உறவுக்காரர்கள். மேலே படிக்கலாம்.

நாகர்கோவில் கோர்ட்டுக்கு எதிரே, ஒரு வெற்றிலைக் கடையை ஒட்டி என் மேஜை. ஜெர்மன் சண்டை முடிந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. மெசபொட்டேமியாவரை போய்வந்த நம் ஊர்ப் பட்டாளத்துக்காரர்கள் பலர், தங்களுடைய டிஸ்சார்ஜ் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அப்போதுதான் யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். போகாத ஊர் அதில் இருந்தது, வாங்கிய மெடல் இல்லை. அதைத் திருத்தித் தரச்சொல்லி ஒவ்வொருவராக என்னிடம் வந்தார்கள்.

கைராசி

என்னிடம் ஏன் வந்தார்கள் என்பதைச் சொல்லிவிட வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில் என் டைப்ரைட்டரில் ரிப்பன் காய்ந்து போயிருந்தது. எழுத்து மங்கிக்கொண்டே வருகிறது, புது ரிப்பன் மதுரையிலிருந்து வரவேண்டும். அந்த நேரம் பார்த்து, பட்டாளத்தில் நாயக் பதவியில் இருந்த ஒருவர் மெடல் மனு எழுத வந்தார். வேறு வழியில்லாமல் தாழ்மை, பணிவு, பாதகமலம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நாலே வரியில் விஷயத்தை மட்டும் அடித்துக் கொடுத்தேன். பட்டாளத்து ரிக்கார்டு ஆபீசில் அந்த மாதிரி மனுவை அதுவரை கண்டதில்லைபோலும். உடனே திருத்திப் பதில் போட்டுவிட்டார்கள். மறுவாரம் என் மேஜை முன்னால் பட்டாளமே அணிவகுத்தது.

பக்கத்து மேஜை ஆறுமுகப் பெருமாள் பிள்ளை, கலெக்டரின் குலம் கோத்திரம் தழைக்க வேண்டும் என்று மட்டுமே ஒரு முழுப் பக்கம் எழுதக்கூடியவர். என்னைக் கூப்பிட்டு மெதுவான குரலில் சொன்னார்: "வேய், நீரு கால்ல விழாமலே காரியத்த முடிச்சிட்டீரு. இது வெளிய பரவினா எங்க பொழப்பு என்ன ஆவும்?"

தோளில் ஒரு தட்டு

தோவாளையிலிருந்து சுடலையாண்டி வந்தார். பட்டாளத்தில் சமையல்காரர். தனக்கு வந்த கௌரவம் காகிதத்தில் ஏறவில்லை என்றார். என்ன மெடல் என்று கேட்டேன். மெடல் இல்லை, ரசம் என்றார். பாக்தாத் போகிற வழியில் காய்ச்சலில் கிடந்த கர்னல் துரைக்கு மிளகு ரசம் வைத்துக் கொடுத்திருக்கிறார். துரை குடித்துவிட்டு, வியர்த்து, எழுந்து வந்து, எல்லோர் முன்னிலையிலும் இவர் தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டியிருக்கிறார்.

தோளில் தட்டியதையெல்லாம் சர்வீஸ் ரிக்கார்டில் ஏற்ற முடியாது என்று நயமாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் சட்டையைக் கழற்றித் தோளைக் காட்டத் தயாரானார். வெற்றிலைக் கடையில் நின்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, என் அறியாமைக்கு இரங்கியவராகச் சொன்னார்: "கொடுத்த மெடல் தொலஞ்சு போவும், ரைட்டரே. தட்டினது இன்னா, இங்கதான இருக்கு."

பஸ்ராப் புளுகன்

இனிமேல் வருவதெல்லாம் ஒரே ஆளின் கதை. பெயர் சூசை. தேங்காய்ப்பட்டணத்துக்குப் பக்கத்தில் ஒரு துறையில், அதாவது மீனவர் ஊரில், கட்டுமரக்காரர். சண்டைக்காலத்தில் பஸ்ராவிலிருந்து டைகிரீஸ் ஆற்றில் போகும் இழுவைப் படகுக்குச் சுக்கான் பிடித்தவர். காயம்பட்டவர்களை ஏற்றிய தோணி ஒன்றை இழுத்து வரும்போது குண்டு விழுந்து கயிறு அறுந்துவிட்டதாம். தோணி எதிரிப் பக்கம் மிதக்கத் தொடங்க, இவர் ஆற்றில் குதித்து, கயிற்றைப் பல்லால் கடித்துக்கொண்டு நீந்திக் கரையில் ஒரு ஈச்சமரத்தில் கட்டிவிட்டார். நீந்தும்போது ஊர்க்கோயில் மிக்கேல் சம்மனசை, அதாவது தேவதூதரை, விளித்து, "கரை சேத்தா, எனக்கு என்ன கிடைச்சாலும் உமக்கு" என்று நேர்ந்துகொண்டார். கிடைக்கும் என்று நினைத்தது ஒரு மெழுகுவர்த்தி வாங்கும் காசு. கிடைத்ததோ ராஜா தலை போட்ட வெள்ளிப் பதக்கம். சொன்ன சொல் மாறக்கூடாதென்று ஊருக்கு வந்ததும் அதைக் கொண்டுபோய்ச் சம்மனசின் மார்பில் குத்திவிட்டார். ஆனால் அவருடைய டிஸ்சார்ஜ் காகிதத்தில் மெடல் என்ற இடத்தில் "இல்லை" என்று இருந்தது.

ஊர் நம்பவில்லை. பம்பாயில் பழைய சாமான் கடையில் வாங்கியது என்றார்கள். அவர் வீட்டுக்குப் புளுகன் வீடு என்றே பெயர் விழுந்துவிட்டது. அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவரை மகள் ரோசம்மாளின் கல்யாணம் என் மேஜைக்குக் கொண்டுவந்து நிறுத்தியது. மாப்பிள்ளையின் தகப்பனார் குளச்சலில் ஒரு ரிட்டையர் ஏட்டு, அதாவது போலீசில் ஹெட் கான்ஸ்டபிளாக இருந்து ஓய்வுபெற்றவர். பெண்ணைப் பிடித்திருக்கிறது, ஆனால் புளுகன் வீட்டிலிருந்து பெண் எடுக்கமாட்டேன், சர்க்கார் காகிதம் வந்தால் கல்யாணம், ஈஸ்டருக்கு முந்தின, கல்யாணம் நடத்தாத நோன்புக்காலமான தபசுகாலம் தொடங்குவதற்குள் வராவிட்டால் வேறு இடம் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டார். சூசை என் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "என்னப் புளுகன்னு விளிச்சா எனக்கு ஒண்ணுமில்ல, ரைட்டரே. எனக்க மொவ என்ன பொய் சொன்னா?"

யார் இந்த மிக்கேல்?

 உடனே ரிக்கார்டு ஆபீசுக்கு மனு போனது. பதக்கத்தைப் பார்வைக்கு அனுப்பு என்று பதில் வந்தது. சூசை மாட்டேன் என்றுவிட்டார். கொடுத்ததைத் திருப்பிக் கேட்டால், நாளைக்குக் கடல் கொந்தளிக்கும்போது எந்த முகத்தோடு சம்மனசைக் கூப்பிடுவது என்பது அவர் கேள்வி. கோயில் சாமியாரும், அதாவது பங்குப் பாதிரியாரும், தரமுடியாது என்றார். அவர்கள் சொன்னதை என் புகழ்பெற்ற பாணியில் சுருக்கமாக எழுதினேன்: "ஆற்றில் செய்த உதவிக்காகப் பதக்கம் இவ்வூர் மிக்கேலுக்குக் கொடுக்கப்பட்டது. மிக்கேல் அதை அணிந்திருக்கிறார். திருப்பித் தர இயலாது."

பதில் சூடாக வந்தது. ஒருவர் பெற்ற பதக்கத்தை மற்றவர் அணிவது குற்றம். மேற்படி மிக்கேல் எந்தப் படைப்பிரிவைச் சேர்ந்தவர் என்று தெரிவிக்கவும். அவர்மீது நடவடிக்கை எடுக்கும்படி திருவனந்தபுரத்துக்கு எழுதப்பட்டிருக்கிறது. நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து மேஜைப் பிள்ளை அந்தக் கடிதத்தை வாங்கி இரண்டு தடவை ரசித்துப் படித்துவிட்டுச் சொன்னார்: "நாலு வரியில முடிச்சீரே, இப்ப சம்மனசுக்கு ஜாமீன் கேட்டு நாப்பது பக்கம் எழுதும்."

எட்டுப் பேர் வேண்டும்

திருவனந்தபுரத்திலிருந்து உத்தரவு இறங்கி, ஒரு கான்ஸ்டபிள் துறைக்குப் போனார். கிழக்கே வயல்காட்டிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர், கடற்கரை வழக்கம் தெரியாது. மீன் காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் மிக்கேல் எங்கே என்று கேட்டிருக்கிறார். கோயிலில் நிற்கிறார் என்றாள். எப்போது வெளியே வருவான்? திருநாளுக்கு மட்டும்தான், அதுவும் சப்பரத்தில். வசதியுள்ள ஆசாமிபோல என்று கான்ஸ்டபிள் குறித்துக்கொண்டார். ஆயுதம் ஏதாவது வைத்திருக்கிறானா? "பின்னே, எப்பவும் கையில வாளுதான்." ஆள் எப்படி, முரடனா? "நல்லவங்களுக்கு நல்லவரு. ஒருத்தனக் கால்ல போட்டு மிதிச்சிக்கிட்டுல்லா நிக்காரு." கான்ஸ்டபிள் உடனே விசில் ஊதித் துணைக்கு ஆள் திரட்டிக்கொண்டு, லத்தியை ஓங்கியபடி கோயிலுக்குள் நுழைந்திருக்கிறார்.

அங்கே இறக்கையும் வாளும் காலடியில் பசாசுமாக நின்றவரைப் பார்த்ததும் லத்தியைக் கீழே போட்டுவிட்டுக் கும்பிட்டாராம். மறுநாள் நேரே என்னிடம் வந்தார். அடிக்கப் போகிறார் என்றே நினைத்தேன். வெற்றிலைக் கடையில் ஒரு சோடா வாங்கிக் குடித்துவிட்டு, ரிப்போர்ட்டை இங்கிலீஷில் எழுதித் தரச் சொன்னார். முடிவில் என்ன போடுவது என்று கேட்டேன். "உள்ளதைப் போடும்" என்றார். "ஆளைக் கண்டேன். கைது செய்யலாம், ஆனா தூக்குறதுக்கு எட்டுப் பேரு வேணும்."

ஏணியில் கேப்டன்

அந்த ரிப்போர்ட் ரிக்கார்டு ஆபீசில் மேஜை மேஜையாகச் சுற்றிச் சிரிப்பை வாங்கியிருக்க வேண்டும். திருவனந்தபுரத்துக்கு வேறு வேலையாக வந்த ஒரு வெள்ளைக்காரக் கேப்டன், மிக்கேலைத் தானே பார்க்கவேண்டும் என்று காரில் வந்து இறங்கினார். மொழிபெயர்க்க என்னையும் ஏற்றிக்கொண்டார். துறையே கோயிலுக்குள் இருந்தது. குளச்சல் ஏட்டு ஒரு தூணோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ரோசம்மாள் தன் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றாள். பதக்கத்தைக் கழற்றக் கூடாது, வேண்டுமானால் ஏறிப் பாருங்கள் என்றார் சாமியார். தென்னை ஏணி வந்தது. கேப்டன் தொப்பியையும் பூட்சையும் கழற்றிவிட்டு ஏறினார்.

ராஜாவின் பதக்கத்தில் வாங்கினவர் நம்பரும் பெயரும் விளிம்பில் வெட்டியிருக்கும். அதைப் படிக்கக் கேப்டன் சம்மனசின் இறக்கைக்குக் கீழே தலையை நுழைக்க வேண்டியிருந்தது. அவர் வாய் திறப்பதற்குள் சூசை கீழே விறைப்பாக நின்று, பட்டாளத்தில் சொல்வதுபோல் தன் நம்பரைக் கத்தினார். கோயில் அதிர்ந்தது. இறக்கைக்கு அடியிலிருந்து அதே நம்பர் திரும்பி வந்தது, பிறகு சூசையின் பெயர் வந்தது. ரோசம்மாள் அழுதுவிட்டாள். நானும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன், அதில் வெட்கமில்லை.

கேப்டன் ஏணியிலிருந்தபடியே, இவர் படையில் என்ன உத்தியோகம் என்று சம்மனசைக் காட்டிக் குறும்பாகக் கேட்டார். கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் கொஞ்சமும் சிரிக்காமல், வானோர் சேனைக்கெல்லாம் தலைவர் என்றார். நான் மொழிபெயர்த்தேன். கேப்டன் ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் மிக்கேலுக்கு சல்யூட் அடித்தார். ஊர் ஆரவாரம் செய்தது. சூசை திரும்பிச் சம்பந்தியாகப் போகிறவரைப் பார்த்தார். ஏட்டு கையை அவிழ்க்காமல் சொன்னார்: "எல்லாம் சரிதான். சர்க்கார் கடலாசு வரட்டும்."

கடலாசு வந்த பிறகு

வந்தது. தபசுகாலத்துக்குக் கொஞ்சநாள் முன்னால், முத்திரை போட்டு, பதக்கம் உண்டு என்று திருத்திய காகிதம் வந்தது. ஏட்டு அதை வெயிலில் பிடித்துப் பார்த்தார், முத்திரையைத் தடவிப் பார்த்தார், பிறகு ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் கல்யாண அறிவிப்பான ஓலையை வாசிக்கச் சொல்லிச் சாமியார் வீட்டுக்கு ஓடினார். கல்யாணப் பந்தலில் வந்தவர்களையெல்லாம் உட்காரவைத்து அவரே அதைப் படித்துக் காட்டினார். இங்கிலீஷ் தெரியாததால் வரிக்கு வரி என்னைப் படிக்கவிட்டு, அவர் தலையை மட்டும் ஆட்டினார். நான் தின்ற மீன்கறியை இன்றைக்கும் மறக்கவில்லை.

ஈஸ்டர் கழிந்து சூசை மறுபடியும் என் மேஜைக்கு வந்தார். முகம் வாடியிருந்தது. மருமகன் சரியில்லையோ என்று பதறிப்போனேன். மருமகன் தங்கம் என்றார். அப்புறம் என்ன? சாயங்காலம் கிழிந்த வலை பொத்துகிற இடத்தில் முன்னெல்லாம் ஊரே அவரைச் சுற்றி உட்கார்ந்து, ஆற்றில் குதித்த கதையைச் சொல்லச்சொல்லிக் கேட்டுக் கேலி செய்யும். இப்போது வாயைத் திறந்தாலே, அதுதான் சர்க்காரே எழுதிக்கொடுத்துவிட்டதே என்று எழுந்து போய்விடுகிறார்கள். மனைவியோ காகிதத்தைச் சட்டம்போட்டுச் சுவரில் மாட்டி, கதை கேட்க வருகிறவர்களை அதைப் படித்துக்கொள்ளச் சொல்கிறாளாம். "புளுகனா இருந்தப்ப எனக்கு ஊரே செவி குடுத்துது, கேட்டியளா. இப்ப எல்லாரும் நம்பிட்டானுவ, கேக்க ஒருத்தனில்ல" என்றவர், குரலைத் தாழ்த்தினார். "அந்தக் கடலாசத் திருப்பி எடுத்துக்கிடச் சொல்லி ஒரு மனு எழுதுவியளா, ரைட்டரே?"

சர்க்கார் காகிதத்தைத் திருத்துவது எப்படியோ என் கைக்கு வந்துவிட்டது, ஆனால் அன்றைக்கு அவருக்கு வேண்டியிருந்தது நம்பாத ஒரு ஆள் என்பதால், டைப்ரைட்டரை மூடிவைத்து ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு, "சும்மா புளுகாதேயும் வேய், கயித்தப் பல்லால கடிச்சிக்கிட்டு எவனாவது நீந்துவானா?" என்று கேட்டேன்.