மீட்டரில் இல்லாத எழுபத்தேழாயிரம்

அந்தக் கார் எங்கள் வீட்டில் ஒன்பது வருடம் நின்றது. வாங்கியபோது மீட்டரில் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கிலோமீட்டர். விற்றபோது ஒரு லட்சத்துத் தொண்ணூற்று நான்காயிரம். இடையில் ஓடிய எண்பத்து நான்காயிரமும் என் நோட்டில் இருந்தது. எந்த நாளில் பெட்ரோல் ஊற்றினேன், எந்த டயரை எப்போது மாற்றினேன், எல்லாம் இருந்தது. ரப்பர் தோட்டத்தில் முப்பத்தொரு வருடம் கணக்கெழுதும் கிராணியாக இருந்து பால் எடை எழுதியவன் நான். எழுதாமல் இருக்கத் தெரியாது.

கண்ணில் புரை விழுந்துவிட்டதால் இனி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொன்னார். அதனால்தான் விற்றேன். வாங்கியவள் நான் வேலை பார்த்த தோட்டத்துப் பெண், தமிழ்ப்பள்ளி ஆசிரியை. கோலா சுங்கை பாரு பக்கம் ஒரு பள்ளிக்கு அவளை மாற்றியிருந்தார்கள். எங்கள் செலண்டாரிலிருந்து பஸ் மாறி மாறிப் போனால் பள்ளி மணி அடித்த பிறகுதான் போய்ச் சேர முடியும். திங்கட்கிழமை வேலைக்குச் சேரவேண்டும். அதற்கு முன் சனிக்கிழமை தன் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு ஒரு தடவை போய் வழி பார்த்து வருவதாகச் சொல்லியிருந்தாள்.

வாங்கும்போது அவள் ஒன்றுதான் கேட்டாள்.

“அங்கிள், இது இன்னும் எவ்வளவு நாள் ஓடும்?”

நான் நோட்டைத் திறந்து பதில் சொன்னேன். என்ஜினுக்குள் டைமிங் பெல்ட் என்று ஒரு ரப்பர் பட்டை உண்டு. லட்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை அதை மாற்றவேண்டும். எனக்கு முன் வைத்திருந்தவர் சரியாக ஒரு லட்சத்தில் மாற்றியிருந்தார். பானெட்டைத் திறந்தால் அந்த ஸ்டிக்கர் தெரியும். ஆகவே இரண்டு லட்சம் வரை கவலையில்லை, இன்னும் ஆறாயிரம் ஓட்டலாம், வருடக் கடைசி லீவில் மாற்றிக்கொள் என்றேன். அவள் நோட்டை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. கிராணி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவள் அம்மா சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை காலை பத்தேகால் மணி. அவள் காருக்குப் புது சீட் கவர் போட்டுவிட்டு, நான் வாங்கும்போதே இருந்த பழையதை மடித்து ஒரு பையில் எங்கள் வீட்டுக்கு அனுப்பியிருந்தாள். என் மனைவி அதைக் கால்மிதிக்கு ஆகும் என்று வெட்டிக்கொண்டிருந்தாள். டிரைவர் சீட் கவரின் பின்பக்கத் தையல் விட்டிருந்த இடத்திலிருந்து ஓர் அட்டை விழுந்தது. ஏதோ ஒரு ஒர்க்‌ஷாப்பில் எண்ணெய் மாற்றிய அட்டை. என் காரின் நம்பர். நான் வாங்குவதற்கு ஐந்து மாதத்துக்கு முந்திய தேதி. கிலோமீட்டர்: 1,87,000.

பூதக்கண்ணாடி வைத்து மூன்று தடவை படித்தேன். என்னிடம் வந்தபோது மீட்டரில் ஒரு லட்சத்துப் பத்தாயிரம். யாரோ எழுபத்தேழாயிரத்தைத் திருப்பி வைத்துத்தான் எனக்கு விற்றிருக்கிறார்கள். அப்படியென்றால் கார் ஓடியது இரண்டு லட்சத்து எழுபத்தோராயிரம். ஒரு லட்சத்தில் மாட்டிய பெல்ட் ஆறாயிரம் பாக்கி வைத்திருக்கவில்லை. எழுபத்தோராயிரம் கூடுதலாக ஓடியிருக்கிறது.

அந்த பெல்ட் அறுந்தால் என்ஜின் அந்த நொடியே நிற்கும். ஸ்டியரிங் இறுகிவிடும். பிரேக் கல்லாகிவிடும். அவள் போகவேண்டிய மஸ்ஜிட் தானா ரோட்டில் பின்னால் செம்பனைக் குலை ஏற்றிய லோரி வரும். முன்பக்கம் அவள், பக்கத்தில் அம்மா.

போன் போட்டேன். எடுக்கவில்லை. ஏழு தடவை போட்டேன். ஓட்டிக்கொண்டிருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். நான் மறுபடி எண்ணைத் தட்டுவதைப் பார்த்து மனைவி சொன்னாள்:

“பூசை போடாம வண்டிய எடுத்துருவாங்களா? கோயில்லதான் இருப்பா, போய்ப் பாருங்க.”

எனக்கு அது தோன்றவேயில்லை. நாங்கள் வேதக்காரர்கள். இதே காருக்கு ஃபாதர் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வாசலில் தண்ணீர் தெளித்தார், அவ்வளவுதான். ஆனால் மனைவி கல்யாணத்துக்கு முன் இந்து வீட்டுப் பெண்.

தோட்டத்துக் கோயில் நான்கு கிலோமீட்டர். வீட்டில் மிச்சமிருந்த வாகனம் சைக்கிள். ஒரு கண்ணில் புகை மூடியதுபோல் இருக்க, வெள்ளைக் கோட்டை ஒட்டியே மிதித்தேன். எதிரே வந்த ஒவ்வொரு காரும் அந்தக் கார் போலவே தெரிந்தது. பதினாறு கார்கள். பதினேழாவது வெள்ளை, அதே மாதிரி. நின்று திரும்பிப் பார்ப்பதற்குள் வளைவில் மறைந்துவிட்டது. அது அவள்தானா என்று தெரியாமலே மீதி ஒன்றரை கிலோமீட்டரையும் மிதித்தேன்.

கோயில் வாசலில் கார் நின்றது. மாலை போட்டு, கண்ணாடியில் சந்தனம் வைத்து, நான்கு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. ஐயர் கற்பூரத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, எடுங்க என்று கை காட்டினார். அவள் உள்ளே உட்கார்ந்து சாவியில் கை வைத்திருந்தாள்.

“எடுக்காதம்மா” என்றேன். குரல் பாதிதான் வந்தது. சைக்கிளைப் போட்டுவிட்டு முன்னால் போய் பானெட்டில் கை வைத்து நின்றேன்.

அவள் அம்மாவின் முகம் மாறிவிட்டது. நல்ல காரியத்தில் முதல் வார்த்தை எடுக்காதே என்று விழுந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்.

“என்ன கிராணி ஐயா, வித்தப்புறம் மனசு வரலியா? இல்ல, வேதக்காரங்களுக்கு எங்க பூசை ஆகாதா?”

நான் அட்டையை எடுத்துக் காட்டினேன். மூச்சு வாங்கியபடியே கணக்கைச் சொன்னேன். நான் சொன்ன ஆறாயிரம் தப்பு, என் நோட்டு முதல் வரியிலிருந்தே தப்பு என்றேன். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல, நான்கு கிலோமீட்டர் மிதித்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. அவள் அட்டையை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தாள். சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டாள்.

ஐயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றரையோடு நல்ல நேரம் முடிகிறது, அதற்குள் வண்டி நகர்ந்து பழம் நசுங்கவேண்டும், வைத்த பழத்தைச் சும்மா எடுக்கக்கூடாது என்றார். அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். மகள்தான் சொன்னாள்:

“ஸ்டார்ட் பண்ணித்தான் நசுக்கணுமா, சாமி? தள்ளுனா ஆகாதா?”

ஐயர் கொஞ்சம் யோசித்தார். நகர்ந்தால் போதும் என்றார்.

அவள் ஃப்ரீ கியரில் போட்டு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் ஐயர், அம்மா, நான். முதல் தள்ளில் அசையவில்லை. இரண்டாவதில் அசைந்தது. பின்சக்கரத்துப் பழங்கள் இரண்டும் வெடித்தன, முன்பக்கம் வலது வெடித்தது. இடது பக்கத்துப் பழம் மட்டும் நழுவி, முழுசாகச் சாக்கடைக் காண்டாவுக்குப் பக்கத்தில் உருண்டு போய் நின்றது. அம்மா அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மகள் இறங்கி வந்து பழத்தை எடுத்து, புடவைத் தலைப்பில் துடைத்து, மறுபடி சக்கரத்துக்கு முன்னால் வைத்தாள்.

“இன்னொரு வாட்டி தள்ளுங்க அங்கிள். இந்த முற எண்ணாதீங்க லா.”

நசுங்கியது.

செலண்டார் ஒர்க்‌ஷாப்பிலிருந்து சீன மெக்கானிக் வந்து காரை இழுத்துப்போனார். மதியம் மூடியைக் கழற்றி பெல்ட்டை வெளியே எடுத்து என் கையில் கொடுத்தார். வளைத்துப் பார்த்தேன். முதுகு முழுக்கக் குறுக்கே வெடிப்பு. உள்பக்கப் பற்களில் இரண்டு அடியோடு கிழிந்து, நூலில் தொங்கின. ரப்பர் கெட்டால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இன்னும் எவ்வளவு ஓடியிருக்கும் என்று மலாயில் கேட்டேன். ஐந்து கிலோமீட்டரும் ஓடியிருக்கலாம், ஐயாயிரமும் ஓடியிருக்கலாம் என்று சொல்லிவிட்டு அவர் புது பெல்ட்டை எடுக்கப் போனார்.

காரை நானே திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று அவளிடம் சொன்னேன். வேண்டாம் என்றாள். திங்கட்கிழமை பள்ளிக்குப் போக அவளுக்கு வேறு வண்டி இல்லை. போகும்போது அம்மா, போய்ச் சேர்ந்ததும் கிராணிக்கு போன் போட்டுச் சொல் என்று மகளிடம் எனக்குக் கேட்கும்படிச் சொன்னார்.

திங்கட்கிழமை ஐந்தரைக்கே போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆறே முக்கால் ஆயிற்று. ஏழாயிற்று. மனைவி வைத்த கோப்பி ஆறிப்போனது. ஏழு ஐந்துக்கு ஒரு படம் வந்தது. பள்ளி வாசலோ அவள் முகமோ இல்லை. காரின் மீட்டர். 1,94,131.

நோட்டை எடுத்து எழுபத்தேழாயிரத்தைக் கூட்டி எழுதினேன். அந்த அட்டை எழுதிய பிறகும் ஐந்து மாதம் யாரோ ஓட்டியிருக்கிறார்கள், அது எவ்வளவு என்று எந்தக் காகிதத்திலும் இல்லை. எண்ணுக்கு முன்னால் ‘குறைந்தது’ என்று சேர்த்துவிட்டு, ஆறிய கோப்பியைக் குடித்தேன்.